தலைக்கு ஊற்றிய தண்ணீர்

சுமலதாவுக்கு,

நம் சுடர்விழியின் காரியம் முடிந்த மறுநாள் நீ அரியாங்குப்பத்தில் உன் அம்மா வீட்டுக்குப் போனாய். போனை எடுப்பதில்லை. உன் தம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள் காலையில் அவளுக்குச் சூடு இறங்கியது. சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்டில் இருந்த உனக்குப் போன் போட்டு, "காய்ச்சல் விட்டுடுச்சு, நீ லீவு போட வேணாம்" என்றேன். காய்ச்சல் விட்டால் செய்வதுபோல் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். "வயிறு வலிக்குதுப்பா" என்றாள். கை ஜில்லென்று இருந்தது. குளித்ததால்தான் என்று துவட்டிவிட்டு ரசம் சாதம் ஊட்டினேன். எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் டாக்டர், "டெங்குவுல காய்ச்சல் விடுற நாள்தாங்க ஆபத்து. கை ஜில்லுனு ஆனதுமே தூக்கிட்டு வந்திருக்கணும்" என்றார். உன்னிடம் நான் இதைச் சொல்லவில்லை. பிளேட்லெட் குறைந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

அன்று அவளைத் துவட்டிய துண்டு இன்னும் கொடியில்தான் கிடக்கிறது. எப்போது தொட்டாலும் ஈரமாகவே தெரிகிறது.

எனக்கும் நாலு நாளாகக் காய்ச்சல். இன்று காலை விட்டுவிட்டது. தலைக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. ஒரு கையால் மறு கையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்; குளிர்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. நீ வந்து ஒருதரம் தொட்டுப் பார்க்கிறாயா?

இப்படிக்கு,
அவள் அப்பா