பல் டாக்டர் வீட்டுக்குச் சொல்லாத ரேட்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நீ, மாப்பிள்ளை, பாப்பா மூவரும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். யாருக்காவது காய்ச்சல் என்றால் அப்பா பயந்துவிடுவார் என்று மறைக்காதே. நம் பெயிண்ட் மேஸ்திரி உனக்குப் போன் போட்டு என்னைப் பற்றிக் கோள் மூட்டினானாமே. ரிடையர் ஆகித் தனியாக இருக்கும் பல் டாக்டர் வீட்டுக்கு, பெயிண்ட் வேலைக்கென்று திரும்பத் திரும்பப் போய் அளக்கிறேன், ரேட் மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறேன், ஆட்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், வேறொருவன் போட்டோவைப் பார்த்தே ரேட் அனுப்பிவிட்டான், வேலை கைநழுவப் போகிறது என்று. நீயும் "வயசாச்சேப்பா, கணக்கு தடுமாறுதா?" என்று கேட்டுவிட்டாய். சுருக்கென்றது. போட்டோவில் எந்தச் சுவரும் பளபளவென்றுதான் இருக்கும். விரலால் தட்டினால்தானே பூச்சு உள்ளே விட்டுப்போயிருப்பது தெரியும்? வாய்க்கு வந்த ரேட்டைச் சொல்லிவிட்டு, சுரண்டும்போது பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தால் கூடுதலாகக் கேட்கவும் முடியாது, கேட்காவிட்டால் கையைக் கடிக்கும். மாப்பிள்ளை அங்கே சொந்தமாகத் தச்சுவேலை எடுக்கப் போகிறாரே, அவரிடமும் சொல். பழைய அலமாரியைக் கழற்றிப் பார்க்காமல் வாயை விட வேண்டாம். ஏற்றி இறக்கும் கூலி, குப்பை அள்ளும் செலவு எல்லாம் சேர்ந்ததுதான் ரேட்.

சரி, உன்னிடம் என்ன ஒளிவுமறைவு. முதல் தடவையே அளவெல்லாம் முடிந்துவிட்டது. மாடிப்படிச் சுவரில் ஈரம் ஊறி ஓதம் ஏறியிருப்பதும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. நான் சுவரைத் தட்டுவதைப் பார்த்து டாக்டர் சிரித்தார். "நானும் பல்லைத் தட்டிப் பாத்துட்டுத்தாங்க ரேட் சொல்வேன்" என்றார். டீ போட்டுக் கொடுத்தார், பேச்சு எங்கெங்கோ போனது. உன் அம்மா கண்மூடிய பிறகு நான் ஒருவரிடம் அவ்வளவு நேரம் பேசியதில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் ஒரு சத்தம் இல்லை. பிரிட்ஜ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் ஜன்னல் அளவு விட்டுப்போச்சு என்று போனேன். அடுத்த தடவை சீலிங். அவரும் ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரேட் சொல்லிவிட்டால் அப்புறம் எதைச் சாக்கு வைத்துப் போவது? தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறதம்மா.

ஆனால் ஆட்களின் வயிறு என்ன பாவம் பண்ணியது? நீ போனை வைத்ததும் நேராகப் போய் ரேட்டைச் சொல்லிவிட்டேன். ஓதத்துக்கும் சேர்த்துத்தான்; அந்தப் போட்டோக்காரனைவிடக் கூடத்தான். அவர் பேரம் பேசவில்லை. ரேட் எழுதிய பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அப்போ இனிமே அளக்க வரமாட்டீங்களா?" என்றார். திங்கட்கிழமை வேலை ஆரம்பம். ஆட்கள் முடித்துவிட்டுப் போன பிறகு கதவு நிலைகளை நானே இருந்து தேய்த்து பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று அவர் கேட்கவில்லை, நானும் ரேட் போடவில்லை. மேஸ்திரியிடம் மூச்சு விடாதே.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். பாப்பாவுக்குத் தாத்தாவின் முத்தம். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சமைத்துக்கொண்டே பேசாதே அம்மா, உட்கார்ந்து பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா