மந்திரித்த மாடும் கருப்பியும்

17.1.84, செவ்வாய்

விடியலில் பனி. வேதக்கோயில் வாசலில் மாடுகளை மந்திரித்தார்கள். என் வீட்டுக்காரருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், காரிமங்கலம் சந்தையில் போன வாரம் பிடித்த காளையை மாலை போட்டு ஓட்டிப்போனார். தீர்த்தம் தெளித்தாயிற்று. திரும்பி வந்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கொட்டகையில் கட்டும்போதுதான் பார்த்தேன். காதுக்குள், வாலடியில், ஆமணக்குக் கொட்டை மாதிரி உண்ணி.

"மாமா, உண்ணி அப்பிக் கெடக்குதுங்க. வேப்பெண்ணெய் தடவலாங்களா?"

"மந்திரிச்ச மாடும்மா. ஞாயித்துக்கெழம பூசை வரைக்கும் ஒடம்புல எதுவும் படக்கூடாது."

யார் சொன்ன சட்டம்? சாமியார் சொல்லவில்லை. மூத்தாராகச் சொல்வதுதான்.

18.1, புதன்

மகள் ஜோஸ்பின் காதுக்குப் பின்னால் ஒரு உண்ணி. நாலு வயதுப் பிள்ளை. சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தேன். அழுதாள். சோப்புப் போட்டுக் கழுவி, இனி ஏறாமலிருக்கக் கணுக்காலில் வேப்பெண்ணெய்.

மூத்தார் வாசலில் நின்று: "நாயிகூட உருண்டா வராம என்ன பண்ணும்?"

எங்கள் நாய் கருப்பிக்கு இதற்குமுன் உண்ணியே கிடையாது. அது படுப்பது அந்தக் காளைக்குப் பக்கத்தில். சொன்னால் யார் கேட்கிறார்கள்.

19.1, வியாழன்

பால்வாடி விட்டு வந்ததும் வேலை:
சீத்தாக் கொட்டை அரைத்துக் கருப்பிக்குப் பூசியது (கண்ணில் படாமல். பட்டால் போச்சு).
அரை மணி கழித்துக் குளிப்பாட்டியது.
கொட்டகையில் நொச்சிப் புகை. காளை பக்கம் போகக் கூடாதாம்.

மூத்தார் என் வீட்டுக்காரரிடம், என் காதுபட: "அந்த நாய எங்கியாவது கொண்டுபோயி வுடுடா." இவர் தலையை ஆட்டினார்.

20.1, வெள்ளி

கருப்பி இல்லை.

தக்காளி ஏற்றிய டிராக்டரில் இவர் கொண்டுபோய் பாலக்கோடு மார்க்கெட்டில் விட்டுவிட்டாராம். "அங்க எதுனா தின்னுக்கும்டி." அண்ணன் சொன்னால் என்னையும் கொண்டுபோய் விடுவார். சோறு ஆக்கவில்லை. அவரவர் பாடு.

21.1, சனி

பஸ் பிடித்துப் பாலக்கோடு போனேன். மார்க்கெட் முழுக்க, பஸ் ஸ்டாண்டு, சர்க்கரை ஆலை ரோடு வரைக்கும் கூப்பிட்டுப் பார்த்தேன். எத்தனையோ நாய்கள். எங்களுடையது இல்லை. டீக்கடைக்காரர், "கறுப்பு நாயிங்களா? நேத்து லாரிங்க பின்னாடி ஓடிட்டிருந்துச்சுங்க" என்றார்.

22.1, ஞாயிறு

பூசைக்குக் கிளம்பும்போது ஜோஸ்பின் அக்குளில் இன்னொரு உண்ணி. பிடுங்கி, இவர் சாப்பிட உட்கார்ந்த தட்டின் ஓரத்தில் வைத்தேன்.

"நாயி போயி ரெண்டு நாளாச்சுங்க. இது எங்கிருந்து வந்துச்சு, உங்கண்ணனக் கேட்டுச் சொல்லுங்க."

தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு கை கழுவி, சட்டை மாட்டி, பூசைக்கும் வராமல் பாலக்கோடு பஸ் ஏறினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் ஆறரை பஸ்ஸில் திரும்பினார். ஜோஸ்பின் ஓடிப்போய், அவரை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.