றெஜியின் வலது தோள்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
16.03.1990, வெள்ளி

என் அன்பு மகள் லலிதாவுக்கு,

அம்மா எழுதுவது. மாதாவின் காவலில் நீயும் மருமகனும் சின்னவளும் நல்ல சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ரொறன்ரோவில் இன்னும் பனி கொட்டுவதை ரிவியில் பார்த்தேன், சின்னவளுக்குக் காதை மூடித் தொப்பி போட்டுவிடு. இங்கே அப்பாவும் நானும் சுகம். தம்பி றெஜியும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் உனக்குப் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. நேற்று மாலையிலிருந்து இந்த வீட்டில் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதற்குக் காரணம் நான்தான் என்கிறார்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், வாசித்துவிட்டு நீயே சொல்லு.

தம்பி விளையாடுகிற அமெரிக்கன் புட்போல் பற்றி முன்பும் எழுதினேன், தலைக்குக் கவசமும் தோளுக்கு மெத்தையும் கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் மோதி விழுத்துகிற விளையாட்டு. பார்க்கில் கிரிக்கெட் விளையாடும்போது இவன் எல்லைக்கோட்டிலிருந்து பந்தை நேரே விக்கெட்டுக்கு எறிந்ததைக் கண்டுதான் கோச் வின்ஸ்டன் கூட்டிக்கொண்டு போனார். அவர் பஸ் ஓட்டுகிறவர், சில வருடம் அமெரிக்காவில் இருந்தபோது இந்த விளையாட்டைப் பழகியவர், தங்கமான மனிதர். மூன்று வருடத்தில் தம்பியை அந்த ரீமின் குவாட்டர்பேக் ஆக்கிவிட்டார். ஒவ்வொரு முறையும் பந்து இவன் கைக்குத்தான் வரும், யாருக்கு எறிவது என்று கண்மூடித் திறப்பதற்குள் இவன்தான் முடிவெடுக்க வேண்டும், எதிர்ப்பக்கத்தார் விழுத்தப் பார்ப்பதும் இவனைத்தான். முதல் வருடம் நான் மைதானத்தில் செபமாலையை உருட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடிதான் இருந்தேன். ஆனால் போன ஆடி மாதம் இவன் எறிந்த பந்து நாற்பது யார் தூரம் பறந்து, ஓடிக்கொண்டிருந்த பொடியனின் கையில் போய்க் குந்தியதைக் கண்டு, என்னை மறந்து எழும்பி நின்று, அப்பிடித்தான்ரா ராசா என்று கத்திவிட்டேன், பக்கத்திலிருந்த வெள்ளைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். இதை நான் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்பா அன்று வேலை, தம்பிக்குக் கவசத்துக்குள் கேட்டிருக்காது.

அடுத்த வருடம் லண்டனுக்கென்று சம்பளம் கொடுத்து விளையாட வைக்கும் ரீம் ஒன்று வரப்போகிறதாம். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களோடு இங்கத்தைய பொடியன்கள் சிலரையும் பொறுக்கி எடுப்பார்களாம், அதை டிராஃப்ட் என்கிறார்கள். அதற்கு முன்னோட்டமாக ஒரு பரீட்சை வைக்கிறார்கள், ஒவ்வொரு கோச்சும் அதற்கு மூன்று பெயர் அனுப்பலாம், வருகிற திங்கட்கிழமை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். அந்த மூன்றில் ஒருவன்தான் குவாட்டர்பேக்காக இருக்கலாம். எங்கள் ரீமில் றெஜிக்கு அடுத்தவன் ட்றெவர், பிளாஸ்ரோவில் இருக்கிற பொடியன், கிழமைக்கு ஒருநாளாவது எங்கள் வீட்டுக்கு வந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டுப் போகிறவன். ஆக றெஜி அல்லது ட்றெவர், அவ்வளவுதான்.

மாசி மாதக் கடைசியில், நிலம் கல்லுப்போல் இறுகிக் கிடந்த ஒருநாள், பயிற்சியில் இவன் வலது தோள் அடிபட விழுந்திருக்கிறான். ஒருவருக்கும் சொல்லவில்லை. தட்டை இடது கையால் எடுக்கிறதும், சேட்டுக் கையை நுழைக்கும்போது மூச்சைப் பிடிக்கிறதும் என் கண்ணில் படாமலா போகும்? முதியோர் இல்லத்தில் ஆறு வருடமாக ஆட்களைத் தூக்கி இருத்துகிற எனக்கு எந்தத் தோள் வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று தெரியாதா? டொக்டரிடம் போவோம் என்றேன். போனால் கடிதம் எழுதுவினம், பிறகு கோச்சுக்குத் தெரிஞ்சிடும், வேண்டாம் அம்மா என்றான். அப்பாவும் அவன் பக்கம். ஒரு ரெண்டு கிழமை பல்லைக் கடிச்சுக்கொண்டிருக்கட்டும், உள்ளுக்குப் போனாப் பிறகு காட்டலாம், நீ வாயைத் திறக்காதை என்றார். அப்பாவை நான் குறை சொல்லவில்லை பிள்ளை. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து பெற்றோல் ஷெட்டில் நிற்கிற மனிதர், மகனின் பெயரை ஒரு பேப்பரில் பார்க்க ஆசைப்பட்டார்.

நேற்று மாலை ஷிப்ட் முடிந்த யூனிபோர்மோடு வின்ஸ்டன் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பத்து நாளாக றெஜி தூரத்துக்கு எறிகிற பந்துகள் நடுவில் விழுகின்றன, கேட்டால் காற்று என்கிறான் என்றார். தன்னிடம் இரண்டு பொடியன்கள், ஒரு இடம், இரண்டு பேரும் தனக்கு மகன் மாதிரி, உண்மை தெரியாமல் பெயர் எழுத முடியாது என்றார். அப்பா உடனே, நோ ப்ரொப்ளம், ஹி இஸ் வெரி ஸ்ட்ரோங் என்றார். அவர் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அம்மா என்று கேட்டார். தம்பி கதவடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணால் கெஞ்சினான் லலிதா. எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன், அவனுடைய வலது கை தோளுக்கு மேலே எழும்பாது, மூன்று கிழமையாகிறது, அங்கே யாராவது மோதி விழுத்தினால் அந்தக் கை முடிந்துபோகும் என்று.

வின்ஸ்டன் கோப்பையை மெதுவாக வைத்துவிட்டு, தாங்க் யூ என்று மட்டும் சொல்லிப் போனார். தம்பி என்னைப் பார்த்து, உங்களுக்கு இந்த விளையாட்டு ஒருநாளும் பிடிக்கேல்லை, நான் தோக்கவேணும் எண்டுதானே பாத்துக்கொண்டிருந்தனீங்கள் என்றான். கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போய்விட்டான். அப்பா, பெத்த தாய் செய்யிற வேலையே இது என்றார். ஆடி மாதம் நான் எழும்பி நின்று கத்தியதை அப்போது சொல்லியிருக்கலாம், சொன்னால் நம்பியிருப்பார்களா?

இன்று காலையும் அவன் என்னோடு பேசாமல் வேலைக்குப் போய்விட்டான். கோச் என்ன முடிவெடுப்பார் என்று தெரியாது, மனம் ஒரு நிலையில் இல்லை. திங்கட்கிழமை கழியட்டும், அதுவரை இதைத் தபாலில் போடாமல் வைத்திருக்கிறேன்.

25.03.1990, ஞாயிறு

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். திங்கட்கிழமை வின்ஸ்டன் ட்றெவரின் பெயரை அனுப்பிவிட்டார். அன்று பின்னேரம் ட்றெவர் வந்து வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்றாலும் வரவில்லை. றெஜி வேண்டாம் என்று சொன்னால் நான் போகமாட்டேன் என்றான். தம்பி படியில் இருந்தான். டோன்ற் பி ஸ்ரூப்பிட் என்று சொல்லிவிட்டு மேலே போய்த் தன்னுடைய கொப்பியை எடுத்து வந்து கொடுத்தான். எந்த நேரம் யாருக்கு எறிவது என்று மூன்று வருடமாகப் படம் கீறி எழுதி வைத்த கொப்பி. ட்றெவர் வாங்கிக்கொண்டு அழுதான். இவன் அழவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன், வருகிறேன் என்று அவனாகவே ஜக்கெற்றைக் கொண்டுவந்தான். தோளில் தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறதாம். இன்னும் ஒரு அடி விழுந்திருந்தால் பிறகு தைத்தும் பயன் இல்லை என்று டொக்டர் அவனுடைய முகத்தைப் பார்த்தே சொன்னார். சித்திரை கடைசியில் ஒப்பரேஷன், பிறகு ஒன்பது மாதம் பந்தைத் தொடக்கூடாது. படிவத்தை அவன் சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். ஏதும் என்றால் யாருக்கு அறிவிப்பது என்ற இடம் வந்தபோது அப்பாவின் பெயரை எழுதப் போனேன். அம்மா, உங்கடை பேரை எழுதுங்கோ என்றான். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் சொன்னான்.

நேற்றுத்தான் அந்தப் பரீட்சை. ட்றெவர் நன்றாகத்தான் எறிந்தானாம், முடிவு வர இன்னும் ஒரு மாதம் செல்லுமாம். வின்ஸ்டன் தன் ரீமுக்கு இந்த வருடம் நாற்பது பேர்தான் எடுக்கலாம், அதில் ஒரு இடத்தில் விளையாட ஏலாத றெஜியின் பெயரை எழுதியிருக்கிறார், கரையில் நின்று ஆட்டத்தைச் சொல்லிக் கொடுக்கட்டும் என்று. அப்பா அந்த லிஸ்ரைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு பேருக்குமாகத் தேத்தண்ணி ஊற்றினார்.

தம்பி இன்னும் என்னோடு முழுதாகப் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில். அடுத்த ஞாயிறு மறக்காமல் போன் எடுத்து அவனோடு கதை, தோளைப் பற்றி நீயாகக் கேளாதே. மருமகனுக்கும் சின்னவளுக்கும் எங்கள் அன்பு. மாதா உங்கள் மூவரையும் தன் கைக்குள் வைத்திருப்பாராக. நான் செய்தது பிழை என்று நீயும் நினைத்தால் ஒளிக்காமல் எழுது, கோபிக்க மாட்டேன். ஆனால் ஒன்று பிள்ளை, அந்த மனிதர் நாளைக்கு வந்து திரும்பக் கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன்.

உன் அன்புள்ள அம்மா
மேரிறோஸ் ஆனந்தராஜா