மஞ்சுக்காவின் இலையில் பரங்கிக்காய் சூப்

பார்க்காமலே எனக்கு அக்கா ஆகிவிட்ட மஞ்சுக்காவுக்கு,

நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. முப்பது வயதைத் தாண்டாமலே காய்ச்சலில் போய்விட்டாய். நான் தாண்டிவிட்டேன். வயசுப்படி பார்த்தால் நான்தான் உனக்கு அக்கா. ஆனால் இந்த வீட்டுக்கு முதலில் வாழ வந்தவள் நீ, யாழினியைப் பெற்றவள் நீ. இரண்டாவதாக வந்தவளுக்கு முதலாமவள் எப்போதும் அக்காதான்.

ஆடி வெள்ளிப் படையல் முடிந்தது. உன் தம்பி பாஸ்கர் இந்த வருஷமும் உன் பிறந்த ஊரான தாமலிலிருந்து உனக்குப் புடவை கொண்டுவந்தான். மாம்பழ நிறம், அரக்கு பார்டர், நல்ல காட்டன். பட்டுக்கடையில் நாளெல்லாம் அடுத்தவர்களுக்குப் புடவை விரித்துக் காட்டி மடித்து வைக்கிறவள் நான். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. பூவும் பொட்டுமாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று கும்பிட்டு, புதுப் புடவை வைத்துப் படைத்து, பிறகு அதை வீட்டுப் பெண் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். இந்த வீட்டில் வீட்டுப் பெண் என்றால் நான். உனக்கு எடுத்ததைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உறுத்தாமல் இருக்குமா?

ஆனால் புடவையைப் பற்றிச் சொல்ல வரவில்லை. இந்த வருஷம் உன் இலையில் ஒரு கிண்ணம் சூப் இருந்ததே, அதைப் பற்றித்தான். படையலில் சூப் எப்படி வந்தது என்று நீ யோசித்திருப்பாய். சொல்கிறேன். கேட்டுவிட்டுத் திட்டு.

நீ போன பிறகு பாஸ்கர் தினமும் காலையில் உங்கள் வீட்டு மாட்டுப் பாலைத் தூக்குவாளியில் கொண்டுவருவான். காஞ்சிபுரத்துக் கடைகளுக்குப் பால் ஊற்ற வருகிறவன், முதலில் நம் வாசலில்தான் வண்டியை நிறுத்துவான். உள்ளே வர மாட்டான். என்னை எந்த முறை வைத்தும் கூப்பிட மாட்டான். "இந்தாங்க, பாலு." அவ்வளவுதான். யாழினி ஓடிப்போய் வண்டியில் ஏறி ஹாரன் அடிப்பாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுக் கிளம்புவான். அந்தப் பிள்ளைக்கு உன் பிறந்த வீடு என்றால் அந்தத் தூக்கும் அந்த ஹாரனும்தான்.

அந்தப் பாலை நான் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் காய்ச்சி, ஆடையோடு கொடுத்தேன். பாசம் என்று சொல்லிக்கொள்ளலாம். பாதி பயம், அக்கா. சித்தி வந்த வீட்டில் பிள்ளையின் தம்ளரைத்தான் தெரு எட்டிப் பார்க்கும். "இன்னாம்மா, புள்ள இளைச்சாப்ல இருக்குது?" என்று எதிர்வீட்டில் யாராவது கேட்டுவிட்டால் அன்றைக்கெல்லாம் எனக்குக் கடையில் கை ஓடாது. அதனால் தம்ளர் எப்போதும் தளும்பத் தளும்ப இருக்கும். "வேணாம் சித்தி" என்று அவள் சொன்னாலும் விட மாட்டேன். பக்கத்தில் நின்று குடிக்கவைத்துவிட்டுத்தான் நகர்வேன்.

இரண்டாம் வகுப்பு போக ஆரம்பித்த பிறகு அவளுக்கு வயிற்றுவலி வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போன கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பிக்கொண்டு சுருண்டுவிடுவாள். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். "அம்மா நீங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை. அடுத்ததாக, "உங்களுக்குப் பால் ஒத்துக்குமா? குடிச்சா வயிறு உப்புமா?" என்றார். "எனக்கா? சொம்பு சொம்பா குடிப்பேன் டாக்டர்" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுப் பூச்சி மருந்து எழுதிக் கொடுத்தார்.

அது உன்னைக் கேட்க வேண்டிய கேள்வி, அக்கா. உன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு என் வயிற்றைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தேன். பிள்ளை என் வயிற்றில் பிறந்தவள் இல்லையே என்பது அந்த நேரத்தில் எனக்கே மறந்துவிட்டது. மறந்ததில் சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா? பூச்சி மருந்தைக் கொடுத்துவிட்டு, உடம்பு தேற வேண்டும் என்று கூடவே இன்னொரு தம்ளர் பாலும் கொடுத்தேன். பாவம், எத்தனை காலை அவள் அந்த வலியோடு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாளோ.

மறுபடி போனபோதுதான் டாக்டரம்மா பால், தயிர், வெண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்திப் பார்க்கச் சொன்னார். நிறுத்தினேன். அந்த வாரமே பிள்ளை துள்ளிக்கொண்டு ஓடினாள்.

பாஸ்கரிடம் எப்படிச் சொல்வது? உங்கள் வீட்டுப் பால் வேண்டாம் என்று நான் சொன்னால் அது எப்படிக் கேட்கும்? சொல்லாமல் வாங்கிக்கொண்டே இருந்தேன். பால் எங்கள் காப்பிக்குப் போனது, மிச்சம் தயிராகிப் பக்கத்து வீட்டுக்குப் போனது. ஒருநாள் யாழினியே வண்டியில் உட்கார்ந்தபடி, "மாமா, நான் இப்பல்லாம் பாலே குடிக்கிறதில்ல, தெரியுமா?" என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

பாஸ்கர் என்னைப் பார்த்தான். "அப்ப தெனமும் எடுத்தாந்துக்கினு இருந்தேனே, அது யாருக்கு?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவன் காதில் ஏறவில்லை. "எங்க அக்கா இருந்திருந்தா புள்ளைக்குப் பாலை நிறுத்தியிருக்குமா?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான். மறுநாளிலிருந்து வரவில்லை. யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு அந்த நேரத்துக்கு வாசலில் போய் நிற்பாள் உன் மகள். "மாமாவுக்கு என்மேல கோவமா சித்தி?" என்று கேட்டாள். என்மேல்தான் கோபம் என்று சொன்னேன். அது உண்மையும்கூட.

அப்போதுதான் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனோம். இப்போதெல்லாம் மண்டபத்து வாசலிலேயே சூப் கொடுக்கிறார்கள். வெள்ளையாக, வழவழவென்று, க்ரீம் போட்ட காய்கறி சூப். நான் சொந்தக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இவள் வாங்கிக் குடித்துவிட்டு, மறுபடியும் வரிசையில் நின்றிருக்கிறாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு. வயிற்றைப் பிடித்துக்கொண்டே, "வீட்ல பால் இல்லாம அதே சூப் செய்ய முடியாதா?" என்று கேட்டாள். நான் இந்தப் பிள்ளையிடமிருந்து எவ்வளவு பிடுங்கிவிட்டேன்! பால், பால்கோவா, மாமன். ஒரு சூப்பாவது கொடுக்கக் கூடாதா?

முதலில் மைதா மாவைக் கரைத்துவிட்டேன். நம்ம வீட்டுக்காரர் (வேறு எப்படிச் சொல்ல? நமக்குத்தானே வீட்டுக்காரர்) ஒரு வாய் குடித்துவிட்டு, "இது பாவுக்குப் போடுற கஞ்சியாட்டம் இருக்குதும்மா, தறிக்கு அனுப்பிடலாமா?" என்றார். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடியும் போனார். அடுத்த முறை தேங்காய்ப்பால் விட்டேன். "ஆப்பம் எங்க சித்தி?" என்றாள் இவள். கடைசியில் பரங்கிக்காயை எடுத்தேன். ஒரு உருளைக்கிழங்கு, வெங்காயம், நாலு பல் பூண்டு எல்லாவற்றையும் குழைய வேகவைத்து, ஊறவைத்த முந்திரி உடைசலைச் சேர்த்து மிக்ஸியில் போட்டேன். ஆறவிட்டு அரைக்க வேண்டும். எனக்கு ஏது பொறுமை? சுடச்சுட அரைத்தேன்.

மூடி பறந்தது. சுவரெல்லாம் மஞ்சள். சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவில்லாத வீடு, உனக்குத் தெரியாததா? மேடைக்கு நேர் எதிரே மாட்டியிருக்கும் உன் படத்தின் மேல் ஒரு கரண்டி சூப் போய் விழுந்து, நெற்றியிலிருந்து கன்னம் வரை வழிந்தது. ஓடிவந்து முந்தானையால் உன் முகத்தைத் துடைத்தேன். தினமும் பூ வைக்கிறேனே தவிர, உன் முகத்தைத் தொட்டது அன்றைக்குத்தான். மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாய். பின்னால் யாழினி சிரிக்கிறாள், நிறுத்த முடியாமல் சிரிக்கிறாள். "சித்தி, அம்மாதான் ஃபர்ஸ்ட் குடிச்சாங்க!"

மிஞ்சியதை ஆறவைத்து மறுபடி அரைத்து, காய் வெந்த தண்ணீரையே விட்டு, மிளகுத்தூள் தூவிக் கொடுத்தேன். ஒரு சொட்டுப் பால் இல்லை, ஆனாலும் ஆடை கட்டிய பால் மாதிரி கரண்டியில் ஒட்டியது. "கலர்தான் வேற. ஆனா அதேதான் சித்தி!" என்று கிண்ணத்தை வழித்தாள். அவளுக்கு வலிக்கவில்லை. எனக்கு அன்றைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உன் படத்துக்கு எதிரில் அவ்வளவு சந்தோஷப்பட்டதும் பிறகு உறுத்தியது.

ஆடி வெள்ளி வந்தது. கோபம் இருந்தாலும் பிறந்த வீட்டுப் புடவை வராமல் இருக்குமா? பாஸ்கர் வந்தான். பாயசத்துக்குப் பாலும் கொண்டுவந்தான். வடை, கொழுக்கட்டை, வருஷா வருஷம் வைக்கிற பால் பாயசம் என்று இலையில் பரிமாறும்போது, யாழினி சூப் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பாயசத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் கேட்டாள் என்று நான்தான் செய்திருந்தேன். படைக்கும் முன் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாதே, உப்பு என்ன ஆனதோ என்று வேறு எனக்குக் கவலை.

"படையல்ல சூப்பு வெப்பாங்களா? இது இன்னா கல்யாண மண்டபமா?" என்றான் பாஸ்கர், என் பக்கம் பார்க்காமல்.

யாழினிதான் பதில் சொன்னாள். "பாயசம் குடிச்சு அம்மாவுக்கும் வயிறு வலிச்சா இன்னா பண்றது மாமா?"

கற்பூரம் ஏற்றப் போனவன் தட்டைக் கீழே வைத்தான். உன் படத்தைப் பார்த்தான்.

"அக்கா பால் குடிக்காது, எனக்கு இப்பத்தான் நெனப்பு வருது" என்றான். "சின்ன வயசுல அம்மா அந்தாண்ட திரும்புனதும் அது தம்ளரை என் தம்ளர்ல கவுத்துடும். வயிறு முறுக்குதுடா, சொல்லிடாதன்னு சொல்லும். மாடு வெச்சிருக்கிற வூட்ல பால் வேணாமாம், கொழுப்பு பாருன்னு அம்மாகிட்ட அடியும் வாங்கும். நான் வாயே தொறக்கல. எனக்குத்தான் ரெண்டு பங்கு கெடைக்குதே."

நம்ம வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்துவிட்டார். "காப்பி போட்டா எனக்கு மட்டும்தான் போடுவா. சிக்கனமா இருக்கான்னு நெனச்சேன்" என்றார்.

பால் பாயசம் உனக்குப் பிடிக்கும் என்று யார் முதலில் சொன்னது? யாருக்கும் தெரியவில்லை. வருஷா வருஷம் அதை உன் முன்னால் வைத்துக் கும்பிட்டிருக்கிறோம். உயிரோடு இருந்தபோதும் உன்னை யாரும் கேட்கவில்லை, போன பிறகும் கேட்கவில்லை. நான் பாலை நிறுத்தி உன் மகளை உன்னிடமிருந்து பிரித்துவிட்டேன் என்று புழுங்கிக்கொண்டிருந்தேன். அவளோ உன் வயிற்றை அப்படியே வாங்கி வந்திருக்கிறாள். டாக்டரம்மாவிடம் நான் சொன்ன பதிலை அப்போது பாஸ்கரிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்தப் புள்ள இவ்ளோ கஷ்டப்பட்டிருக்காது" என்றேன்.

அவன் பாயசத்தை இலையிலிருந்து எடுத்துவிட்டு, சூப் கிண்ணத்தை நடுவில் தள்ளி வைத்தான். கற்பூரம் ஏற்றினான். பிறகு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். சூப்பில் உப்பே இல்லை, அக்கா. பாஸ்கர் அதைத் தலை நிமிராமல் கடைசி வரை குடித்தான்.

மறுநாள் காலையில் ஹாரன் சத்தம். யாழினி ஓடினாள். நான் அடுப்பில் இருந்தேன். வாசலிலிருந்து "அக்கா!" என்று பாஸ்கர் கூப்பிட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், உன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று உன் படத்தைத் திரும்பிப் பார்த்தேன். "அக்கா, இருக்கியா?" என்று மறுபடியும் கேட்டது. போனேன். தூக்கை நீட்டினான். உள்ளே பால் இல்லை. மாட்டுக்கொட்டாய் மேல் படர்ந்த கொடியில் காய்த்த பரங்கிக்காய், கீற்று போட்டு அடுக்கியிருந்தது.

இனி உன் இலைக்குப் பால் பாயசம் வராது. அந்தக் கிண்ணம் வரும், மிக்ஸியில் ஆறவைத்தே அரைப்பேன், வாயில் வைக்காமலே உப்பு போடக் கற்றுக்கொள்வேன். உன் மகளைப் பற்றி யார் எதைக் கேட்டாலும், உன்னை அறிந்தவர்களைக் கேட்டுவிட்டுத்தான் இனி பதில் சொல்வேன். இது சத்தியம். ஆனால் அன்றைக்கு வாசலில் மட்டும் யாரையும் கேட்கத் தோன்றவில்லை. அது உன்னுடைய வார்த்தை என்று தெரியும். தெரிந்தும் வாய் முந்திக்கொண்டது.

உன் தம்பி "அக்கா" என்று கூப்பிட்டதும், உன்னைக் கேட்காமலே "இன்னாப்பா" என்று சொல்லிவிட்ட
உன் தங்கை,
குமுதா