அவள் கையெழுத்து போதும்

நவ. 10, திங்கள்
காலையிலிருந்து தூறல். பெரம்பலூரில் கருக்கலைப்புப் பயிற்சி, கடைசி நாள். கர்ப்பப்பை மாடல் வந்து சேரவில்லை என்று ஆளுக்கொரு பப்பாளி. சிரிஞ்சை நுழைத்து விதைகளை உறிஞ்சி எடுக்க வேண்டும். பக்கத்து டாக்டர்: "பப்பாளி தின்னாலே கலைஞ்சிடும்னுதான எங்கூர்ல சொல்லுவாங்க." எல்லாரும் சிரித்தோம்.
மதியம் சட்டம். பதினெட்டு வயது நிரம்பியவள் என்றால் அவள் கையெழுத்து போதும். புருஷன் தேவையில்லை. இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்.
வாங்க: குடை, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.

நவ. 11, செவ்வாய்
அரியலூர். எங்கள் ஆஸ்பத்திரி. செல்வி, ரெட்டிபாளையம், 29 வயது, எட்டு வாரக் கர்ப்பம், கலைக்க வந்திருக்கிறாள். இரண்டு பிள்ளைகள், சின்னதுக்குப் பத்து மாதம். புருஷன் சிமெண்ட் லோடு ஏற்றி லாரியில் போயிருக்கிறார்.
ஒப்புதல் படிவத்தில் புருஷனுக்கு இடமே கிடையாது. இங்கே அதற்கென்றே ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்திருக்கிறார்கள்: 'கணவர் கையொப்பம்'. சிஸ்டர் ஓங்கிக் குத்தினார்.
சீஃப் டாக்டர்: "அவரு வந்ததும் கூட்டிட்டு வாம்மா. நாளைக்குச் சண்டைக்கு வந்தா யாரு பதில் சொல்றது?"
"தெரிஞ்சா வேணாம்னுடுவாருங்க."
"அப்ப நாங்க என்ன பண்றது?"
செல்வி என்னைப் பார்த்தாள். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.
கோழை. பப்பாளிக்கு மட்டும் வைத்தியம் பார்க்கத் தெரிந்த டாக்டர்.

நவ. 12, புதன்
புருஷன் கையெழுத்து எதற்கு என்று சீஃபிடம் கேட்டே விட்டேன். "சட்டம் எனக்கும் தெரியும்மா. நீ அந்தப் பயிற்சி சர்டிபிகேட்டுக்கு ஃபிரேம் போடு."
பதிவேட்டில் இருந்த செல்வியின் நம்பருக்கு போன் செய்தேன். மாமியார் எடுத்தார். "யாருங்க பேசறது?" வீட்டில் தெரிந்துவிடுமே என்று வைத்துவிட்டேன்.
குடை இன்னும் வாங்கவில்லை.

நவ. 14, வெள்ளி
காலை பத்து மணி. செல்வி, ஸ்ட்ரெச்சரில். ஏதோ மெடிக்கலில் டாக்டர் சீட்டில்லாமல் வாங்கிய கருக்கலைப்பு மாத்திரை. இரண்டு நாளாக இரத்தப்போக்கு. ஹீமோகுளோபின் ஐந்துக்கு இறங்கியிருக்கிறது. இரத்தம் ஏற்றி, நானே சிரிஞ்சு வைத்துச் சுத்தம் செய்தேன். ஏழு நிமிடம். செவ்வாய்க்கிழமையும் இதே ஏழு நிமிடம்தான் ஆகியிருக்கும். பாவிகள். என்னையும் சேர்த்துத்தான்.
சீஃப் எட்டிப் பார்த்தார். "இதுக்குத்தான் புருஷனோட வரச் சொன்னேன்."
சாயங்காலம் செல்வி தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.
"டாக்டரம்மா, அவரு கையெழுத்து கண்டிப்பா வேணுங்களா?"
"வேணாம்."
"அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமாங்க?"
தெரியும் என்றேன்.