படுத்துப் பார்த்து வாங்கிய வண்டி

ஒசூர்ப் பெருமக்களே! ஆலைச் சங்கொலிக்கு எழுந்து ஆலைச் சங்கொலிக்கு உண்ணும் தோழர்களே! ஒரு நாளில் எத்தனை ஊர்திகளை நம் கைகள் பூட்டி முடுக்கி வெளியே அனுப்புகின்றன! நாம் செய்த வண்டி ஓடாத தெரு இந்த நாட்டில் உண்டா? ஆனால் தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், நெல்லிபெட்டா மலைமேல் வாழும் ஒரு பெண்ணுக்கு மகப்பேற்று வலி எடுத்தால், மூங்கில் கழியில் போர்வையைத் தூளியாகக் கட்டி, அவளை அதில் கிடத்தி, ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி ஐந்து கல் தொலைவு சுமந்து இறங்கவேண்டும். வண்டி செய்யும் மண்ணில் வண்டி போகாத ஊர்! இதுதான் என் முறையீடு.

இனி உங்களோடு பேசமாட்டேன். என் அக்காவோடு பேசப்போகிறேன். கேட்டுக்கொண்டிருங்கள். முடிவில் உங்களிடம் ஒன்று கேட்பேன்.

என் உயிரனைய ஆரோக்கியமேரி அக்கா,

வண்டி வாங்கிவிட்டோம்! நலமா என்று கேட்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். பொன்னாடை வேண்டாம், அதன் விலையை மலைக்குத் தாருங்கள் என்று நான் மேடைதோறும் கேட்டபோது நீ சிரித்தாயே, அந்தப் பொன்னாடைகள்தாம் இன்று நான்கு சக்கரங்களோடு நெல்லிபெட்டாவின் புளியமரத்தடியில் நிற்கின்றன.

நாம் முதன்முதல் கண்டுகொண்ட நாள் உனக்கு நினைவிருக்கிறதா? மலைப்பெண்களின் துயர் பற்றி நான் இரண்டு மணிநேரம் முழங்கி முடித்து இறங்கினேன். செவிலியர் வெள்ளுடையில் நீ வந்தாய். "நல்லாப் பேசறீங்க தம்பி. அந்த மலைல ஒருநாளாச்சும் ஏறியிருக்கீங்களா?" என்றாய். அடுத்த ஞாயிறே என்னை ஏற்றினாய். பாதி வழியில் நான் மூச்சிரைத்து உட்கார, "எந்திரிங்க, இன்னும் பாதி முழக்கம் பாக்கி இருக்குது" என்றாயே!

அன்றுதான் உன் வழக்கத்தைக் கண்டேன். நோயாளியைக் கிடத்துமுன் தூளியில் நீ படுத்துப் பார்ப்பாய். கழி இடுப்பில் இடிக்கிறதா, போர்வை கழுத்தை நெரிக்கிறதா என்று பார்த்து, முடிச்சை மாற்றச் சொல்வாய். பிறகு தலைமாட்டில் நடந்தபடி, நோயாளியைப் பேச வைத்துக்கொண்டே வருவாய். மாட்டின் பெயர், மாமியாரின் குறை, எதுவாக இருந்தாலும் சரி. பேச்சு நில்லாமல் வந்தால் ஆள் நலம்; சொல் உடைந்தால் தூளியை இறக்கு. இதுவே உன் மருத்துவம்.

அப்படிப்பட்ட உன் வழக்கத்தை நாங்கள் மறந்தோம், அக்கா. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நம் நெல்லிபெட்டாப் பசம்மாவின் மகன் மல்லேசன் இப்போது ஒசூர் ஆலையில் வேலை பார்க்கிறான். அவன் மனைவி கௌரி நிறைமாதத்தை நெருங்குகிறாள், ஐப்பசியில் பிள்ளை. ஆகவே மல்லேசன்தான் எங்களை விரட்டினான். கெலவரப்பள்ளி அணைக்கு அருகே ஒரு வெற்றுத் திடலுக்கு வண்டிக்கடைக்காரர் ஒருவர் தம் விற்பனையாளரோடு ஒரு செந்நிற ஊர்தியை அனுப்பியிருந்தார். எந்நில ஊர்தி என்று நான் பெயர் சூட்டினேன். தடித்த நான்கு சக்கரம், நடுவில் குதிரைச் சேணம்போல் ஓர் இருக்கை. பசம்மா பார்த்த கணத்தில் "தவக்கள வண்டி" என்றாள். என் பெயர் அங்கேயே செத்தது.

விற்பனையாளர் நவீன், பெங்களூருக்கும் ஒசூருக்கும் நடுவே வளர்ந்த பேச்சு. "சார், கல்லு, மண்ணு, சேறு, எது குட்த்தாலும் ஏறும் சார். பவர் பாருங்க, பவர்!" மல்லேசன் ஏறி ஒரு சுற்றுச் சுற்றினான். மண் எழுந்து மறைத்தது. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அக்கா, நானும் ஏறினேன்! வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, துண்டைத் தலையில் இறுக்கிக்கொண்டு. கட்டைவிரலால் அழுத்தினால் போதுமாம். அழுத்தினேன். அணைக்கரை முழுவதும் என்னை நோக்கி ஓடிவந்தது. "பிரேக்குண்ணா, பிரேக்கு!" என்று மல்லேசன் பின்னால் ஓடி வருகிறான். நானோ "தமிழன் எழுந்தால்" என்று தொடங்கி எங்கே முடிப்பதென்று தெரியாமல் ஒரு மண்மேட்டில் முடித்தேன். துண்டு ஒரு முள்மரத்தில் தொங்கியது. இறங்கி நின்று அந்த ஊர்தியின் பெருமையைப் பற்றி நான் ஆற்றிய உரைக்கு அங்கே மேய்ந்த ஆடுகள்கூடத் தலைநிமிர்ந்தன. இதுவே வண்டி, வேறில்லை என்று அறிவித்தேன். கைதட்டல்!

அப்போதுதான் கௌரி மல்லேசனின் கைப்பேசியில் அழைத்தாள். அவன் ஒலியைக் கூட்டி எல்லாருக்கும் கேட்கவைத்தான்.

"ஏங்க, வண்டி எப்படி?"

"சூப்பரு புள்ள! பறக்குது!"

"அதுல நான் எங்க படுக்கறது?"

நவீன் ஊர்தியைச் சுற்றி வந்து பார்த்தான், எங்கேனும் ஓரிடம் ஒளிந்திருக்கிறதா என்பதுபோல. "மேடம், பின்னாடி இழுவைத் தொட்டி ஒண்ணு மாட்டிக்கலாம்" என்றான். உடனே பசம்மா, "மேரிம்மா இருந்திருந்தா முதல்ல எங்க ஏறியிருப்பாங்க, சொல்லு?" என்று என்னைக் கேட்டாள். நீ கைப்பிடியைப் பற்றியிருக்கவே மாட்டாய். ஓட்டுகிறவன் இருக்கையில் அமர்ந்து, சுமக்கப்படுகிறவளுக்கு வண்டி தேர்ந்தேன் நான்!

அடுத்த ஞாயிறு, மலையடிவாரத்துக்கே வண்டிகள் வந்தன. செந்நிற ஊர்தி, பின்னே தொட்டியோடு. அதைவிட அகன்ற, கூரை வைத்த சாம்பல்நிற ஊர்தி. நவீன் சரக்குந்தின் மூலையில் மூன்றாவதாக ஒன்றையும் ஏற்றி வந்திருந்தான். பச்சை நிறம், ஒல்லி உடம்பு, பின்னால் நீண்ட தட்டு. "இத விடுங்க சார். ரோஜாத் தோட்டத்துக்காரங்களுக்கு வரவழைச்சது. பூ கசங்காம கொண்டாரதுக்கு. திரும்பற வழில எறக்கணும்" என்றான்.

யாரைப் படுக்கவைப்பது என்ற கேள்வி எழுந்தது. கௌரி, "நான்தான போகப்போறன், நான் படுக்கறன்" என்று கிளம்பினாள். பசம்மா அதட்டி அவளைப் பாதி வழியில் இருக்கும் இரட்டைப் பாறை நிழலில் உட்காரவைத்தாள். பிறகு என்னைத் தலை முதல் கால் வரை அளந்தாள். "கனம் சரியா இருக்குது. பேச்சும் நிக்காது. அண்ணாவே படுக்கட்டும்."

ஆம், அக்கா! உன் தம்பியின் நாவன்மைக்கு இத்தனை ஆண்டு கழித்து ஒரு பயன் கிடைத்தது. அடிவாரம் முதல் பாறைவரை நான் பேசிக்கொண்டே வரவேண்டும். என் சொல் உடையும் ஒவ்வொரு முறையும் கௌரி ஒரு புளியங்கொட்டையை மடியில் போட்டுக்கொள்வாள். ஒலிபெருக்கி இல்லாமல் ஆலை வாயிலை நிறைக்கும் குரலுக்கு அந்த மலைச்சரிவு எம்மாத்திரம்!

முதலில் செந்நிற ஊர்தி. தொட்டியில் படுத்து, "பெரியோர்களே" என்றேன். பெரி ஓரிடத்தில், யோர் வேறிடத்தில், களே வானத்தில். தலைமாட்டில் துணைக்கு ஒருவர் உட்கார இடமும் இல்லை. பசம்மா பின்னால் ஓடி வந்து, "நிதானா, நிதானா" என்று கன்னடத்தில் மகனைத் திட்டினாள். பாறையை அடைந்தபோது கௌரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கொட்ட தீந்து போச்சுண்ணா!"

அடுத்தது சாம்பல்நிற ஊர்தி. ஒரு மன்னனைப்போல் படுத்து வந்தேன். ஏழே கொட்டைகள். துணைக்கு இடம் உண்டு, வெயிலுக்குக் கூரை உண்டு. எல்லாரும் வாழ்த்தொலி எழுப்பும்போது வண்டி இரட்டைப் பாறை இடுக்கில் சிக்கி நின்றது. ஒரு சாண் குறைவு. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. "சார், பாறைய ஒரு சாண் தள்ளி வெக்க முடியுமா?" என்று நவீன் கேட்டது நெல்லிபெட்டாவில் இனிப் பல தலைமுறைக்குச் சிரிக்கப் போதும்.

எட்டுப் பேர் சேர்ந்து அதைப் பின்னுக்குத் தூக்கி விட்டோம். மல்லேசன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். ஐப்பசிக்கு எத்தனை நாள் என்று அவன் உதடு எண்ணுவதைக் கண்டேன். அப்போது கௌரி பாறை நிழலிலிருந்து சொன்னாள்: "அந்தப் பூ வண்டி கீழ சும்மாதான நிக்குது?"

பச்சை வண்டித் தட்டில் பாய் விரித்துப் படுத்தேன். தலைமாட்டில், நீ வழக்கமாக நடந்து வரும் பக்கத்தில், பசம்மா உட்கார்ந்தாள். "என்னத்தப் பேசப்போற? கேட்டதையே கேக்கவெக்காத" என்றாள்.

என்ன பேசுவது? மேலே வானம் மெல்ல நகர்ந்தது. அப்போது தோன்றியது. மத்தூர்க் கல்லறைத் தோட்டத்தில் உன்னை மண்ணில் இறக்கியபோது, பங்குத்தந்தை என்னைப் பார்த்து இரண்டு சொல் சொல்லச் சொன்னார். ஊரே காத்திருந்தது. எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. எத்தனையோ கூட்டங்களில் முழங்கியவன் உன் குழியருகே ஊமையாக நின்றேன். அந்தக் கடன் ஓராண்டாக நெஞ்சில் கிடந்தது. அன்று சொல்லாத உரையை அந்தப் பூ வண்டியில் மல்லாந்து படுத்தபடி தொடங்கினேன்.

உன்னைப் பற்றிப் பேசினேன், அக்கா. நீ தூளியில் படுத்துப் பார்த்ததை, உன் செருப்பு அறுந்ததை, வழியிலேயே பிறந்த பிள்ளையை உன் மேலாடையில் சுற்றியதை, வெற்றிலை மெல்பவர்களை நீ கடிந்துகொண்டதை. வண்டி ஏறியது. மெதுவாகத்தான் ஏறியது, நடக்கிறவர்கள் எங்களை முந்தினார்கள். ஆனால் என் சொற்கள் முழுசாக வந்தன. ரோஜாவைக் கசக்காமல் கொண்டுபோகச் செய்த வண்டிக்கு மனிதரையும் கசக்கத் தெரியவில்லை. இரட்டைப் பாறை இடுக்கில் அது நுழைந்தபோது இருபுறமும் நான்கு விரல் இடைவெளி இருந்தது. எழுந்த கூச்சலில் கிளிகள் பறந்தன. நான் நிறுத்தவில்லை, உச்சிவரை பேசிக்கொண்டே போனேன்.

"அண்ணா, வண்டி நல்லாருக்குது, போதும்" என்றான் மல்லேசன்.

"உரை முடியவில்லையே!"

"அவரு பேசட்டும் விடுடா. மேரிம்மாவுக்குப் பேசறாரு" என்றாள் பசம்மா.

இறங்கி இரட்டைப் பாறைக்கு வந்ததும் கௌரி தன் மடியை விரித்துக் காட்டினாள். இரண்டே கொட்டைகள். "ஒண்ணு ஓடையில" என்றாள். உண்மைதான். பாறைக்குக் கீழே பாதையை அறுத்து ஓடும் அந்த ஓடைப் பள்ளத்தில் எந்த வண்டியும் குதித்தே தீரும். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். "இன்னொண்ணு ஓடையத் தாண்டி, சமமா இருக்குதே, அங்க" என்றாள். மல்லேசன் ஆலைத் தொழிலாளி அல்லவா? குறையை விடுவானா? திரும்பி ஓடினான். அந்தச் சமதரையை முழங்காலிட்டுத் தடவித் தேடிவிட்டு வந்தான். "அங்க ஒரு கல்லுகூட இல்லீங்களேண்ணா! ஸ்பிரிங்ல எதுனா கோளாறா?"

"வண்டியில் குற்றமில்லை, மல்லேசா" என்றேன். பசம்மா தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "தூசி" என்றாள். உனக்குத் தெரியும், அக்கா, அவ்விடத்தில் நான் எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று. சொல்லவும் வேண்டுமா?

"இதுல போறன்" என்றாள் கௌரி. வண்டி முடிவாயிற்று. நவீன்தான் பாவம், ரோஜாத் தோட்டத்துக்காரரிடம் கைப்பேசியில் கெஞ்சினான். அந்த நல்ல மனிதர் செய்தியைக் கேட்டுவிட்டு, "பூ ஒரு மாசம் டிராக்டர்ல போவட்டும்" என்றாராம். அவர் அனுப்பிய ஒரு கூடை ரோஜாதான் வண்டியோடு வந்த முதல் சுமை. பழைய தூளிக் கழியை மல்லேசன் அறுத்துத் தட்டின் நான்கு மூலையிலும் நட்டு, வெயிலுக்குக் கித்தான் கட்டியிருக்கிறான். பசம்மா ஓட்டப் பழகுகிறாள்! காலையில் சுற்று, மாலையில் சுற்று. கோழிகள் வழிவிடப் பழகிவிட்டன.

அக்கா, உனக்கு என் உறுதிமொழி. அந்த வண்டியில் சக்கரம் மாற்றினாலும் பாய் மாற்றினாலும், நோயாளி படுக்குமுன் நான் படுத்துப் பார்ப்பேன். என் உடலில் கனமும் வாயில் சொல்லும் இருக்கும்வரை இது மாறாது.

ஆனால் கௌரியின் மடியில் விழுந்த முதல் கொட்டை என்னை உறங்கவிடவில்லை. பெருமக்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். ஐப்பசி மழை பெய்தால் அந்த ஓடை இடுப்பளவு ஓடும். பூ வண்டி நீந்தாது. அங்கே ஒரு சிறுபாலம் வேண்டும். கல்லை மலை தரும், கையை நெல்லிபெட்டா மக்கள் தருவார்கள். பாலத்துக்கான கோப்பில் அலுவலரின் ஒரு கையெழுத்துத்தான் இல்லை. வரும் திங்கட்கிழமை காலை வண்டியோடு, ஒசூரில் அந்தக் கோப்பு உறங்கும் அலுவலக வாயிலில் நிற்பேன். பாய் விரித்து வைத்திருப்பேன். அலுவலர் பெருமகனாரே, வந்து படுங்கள். அடிவாரம் முதல் பேசிக்கொண்டே வாருங்கள். ஓடையில் உங்கள் சொல் உடையாவிட்டால் நான் இனி மேடையேறமாட்டேன். உடைந்தால், படுத்த இடத்திலேயே கையெழுத்திடுங்கள்; எழுதுகோல் நான் கொண்டுவருகிறேன். ஒசூர்த் தோழர்களே, ஆலைக்குப் போகும் வழியில் ஒரு மணிநேரம் என்னோடு வந்து நில்லுங்கள். கௌரிக்கு நாள் நெருங்குகிறது. வாருங்கள்!

உன் தாய் பெறாத உன் தம்பி,
அறிவழகன்