கருந்திரிக் கறை

வீரலட்சுமிக்கு,

போனில் சொன்னால் அழுவாய் என்று எழுதி அனுப்புகிறேன். காய்ச்சல் விட்டுவிட்டது. மூச்சுக்கும் குறைவில்லை.

வலது கை விரல்கள் கறுத்தது கம்பெனியில் பட்டாசுக்குக் கருந்திரி தோய்த்த மருந்துக் கறை இல்லையாம். கொரோனாவில் கைக்குப் போகும் ரத்தம் உறைந்துவிட்டதாம். கறை என்று நினைத்து நீ சீயக்காய் போட்டுத் தேய்த்ததையும் சொன்னேன். அவசரப் பிரிவு டாக்டரம்மா திட்டவில்லை. "பட்டாசு ஊருல எல்லாரும் அப்படித்தான் நினைப்பாக" என்றார். நீ தேய்த்தது எனக்கு வலிக்கவே இல்லை. விரல்கள் அப்போதே மரத்திருந்தன.

கம்பெனியில் என் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிடு.

ஓவியா அ, ஆ எழுதிப் பழகுகிறாள் அல்லவா. அப்பாவும் பழகுகிறார் என்று சொல். இந்தக் கோணல் எழுத்தெல்லாம் இடது கை எழுதியது.

உன் வீட்டுக்காரன்